பேரும் புகழும் ஒன்றல்ல, அண்ணாச்சி

கேள்வி:

"மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, எனக்கு 52 வயது. அம்பாசமுத்திரம் பக்கம் ஒரு கிராமம். கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தர் வேலை. 24 ஆண்டுகளாக வில்லுப்பாட்டுக் குழுக்களுக்குக் கதைப்பாட்டு எழுதிக் கொடுத்து வருகிறேன். எனக்குக் குரல் கிடையாது; எழுதுவதோடு சரி. கோயில் கொடை விழா முடிந்ததும் ஒரு துண்டு, ஒரு சீப்பு வாழைப்பழம், சில சமயம் 500 ரூபாய். அதுவே போதும் என்றுதான் இருந்தேன்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் நான் எழுதிய இசக்கியம்மன் கதையை ஒரு குழு பாடியது. யாரோ அதை யூடியூபில் போட, லட்சக்கணக்கானோர் பார்த்துவிட்டார்கள். பாடிய பெண்ணுக்கு ஒரு விருதும் கிடைத்தது. என் பெயர் எங்கும் இல்லை. அவள் என் கண் முன்னால் வளர்ந்த பிள்ளை. கேட்டால் சின்னத்தனம் என்று நினைத்துவிடுவாளோ என்று கேட்கவில்லை. அன்றிலிருந்து எழுத்து ஓடவில்லை. பாரதிக்கே உயிரோடு இருந்தபோது மரியாதை இல்லை என்று நண்பர்கள் ஆறுதல் சொல்கிறார்கள். சம்பளம் வராத வேலைக்கு ராத்திரி ஒரு மணி வரை விளக்கு எதற்கு என்று என் மனைவி கேட்கிறாள். குடத்திலிட்ட விளக்காகவே அணைந்துவிடுவேன் போலிருக்கிறது. பெயர் வேண்டாம் என்று சொன்னால் பொய். வேண்டும் என்று சொன்னால் வெட்கமாக இருக்கிறது. இனி எதற்காக எழுத வேண்டும்? கொஞ்ச நாளாகத் தூக்கமும் சரியில்லை.

பெயர் வெளியிட வேண்டாம்."

(ஆறு பக்கக் கடிதம் சுருக்கித் தரப்பட்டிருக்கிறது.)

பதில்:

அன்புள்ள அண்ணாச்சி,

முதலில் ஒரு திருத்தம். நான் டாக்டர் இல்லை. மருந்து எழுதும் உரிமை எனக்குக் கிடையாது. பாளையங்கோட்டையில் ஒரு சின்ன அறையில் உளவியல் ஆலோசகராக உட்கார்ந்து, வருகிறவர்கள் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருப்பவள். எனக்கு உரியதில்லாத பட்டத்தைப் பேசாமல் வாங்கி வைத்துக்கொண்டு, உங்களுக்கு உரிய பெயர் விடுபட்டதைப் பற்றிப் பேசினால் நன்றாக இருக்காது.

கொஞ்சம் சிரித்துக்கொள்ளவும் அனுமதியுங்கள். என் பெயர் எங்கும் இல்லை என்று ஆறு பக்கம் எழுதிவிட்டு, அடியில் 'பெயர் வெளியிட வேண்டாம்' என்று இரண்டு முறை கோடு போட்டிருக்கிறீர்கள். கேலி செய்யவில்லை. வேண்டும் என்ற ஆசையும் வெளியே தெரிந்துவிடுமோ என்ற கூச்சமும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. உங்கள் சிக்கல் முழுவதும் அந்த இரண்டு கோட்டில் இருக்கிறது.

தூக்கத்தைப் பற்றிக் கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். எங்கள் தொழிலில் கடைசி வரியைத்தான் முதலில் படிப்போம். இரண்டு வாரத்துக்கு மேலாகத் தூக்கம் கெட்டு, சாப்பாடு ருசிக்காமல், எழுத்து மட்டுமல்லாமல் ஆற்றுக் குளியல், பிள்ளைகளின் பேச்சு என்று முன்பு பிடித்தவை எல்லாமே சப்பென்று போய்விட்டனவா? 'இருந்து என்ன ஆகப்போகிறது' என்ற நினைப்பு எட்டிப் பார்க்கிறதா? ஆம் என்றால் இந்தப் பதிலை மடித்து வைத்துவிட்டு பாளையங்கோட்டை ஐகிரவுண்டில் இருக்கும் அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள். அவ்வளவு தூரம் போக மனம் வரவில்லை என்றால் 14416 என்ற எண்ணுக்குப் பேசுங்கள். அரசின் இலவச மனநல உதவி எண், எந்த நேரமும் எடுப்பார்கள், தமிழிலேயே பேசலாம். மனச்சோர்வு நோய்க்குக் கலையைப் பற்றிய அறிவுரை மருந்தாகாது. அப்படியெல்லாம் ஒன்றுமில்லை, படுத்தால் அந்த வீடியோ ஞாபகம் வருகிறது, புரண்டு புரண்டு படுக்கிறேன், அவ்வளவுதான் என்றால் மேலே படியுங்கள்.

பேரும் புகழும் என்று ஒரே மூச்சில் சொல்லிப் பழகிவிட்டோம். இரட்டைப் பிள்ளைகள் மாதிரி எங்கே போனாலும் சேர்ந்தே போகின்றன. நீங்களும் கடிதம் நெடுக இரண்டையும் கலந்தே எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சம் பிரித்துப் பார்ப்போம்.

பேர் என்பது கணக்கு. இந்த வேலையை இன்னார் செய்தார் என்கிற உண்மை. சங்கத்தில் நகைக்கடன் ரசீது எழுதுகிறீர்களே, நகை கொண்டுவந்தவர் பெயரைப் போடாமல் ரசீது கிழித்துக் கொடுப்பீர்களா? கொடுத்தால் தணிக்கைக்காரர் சும்மா விடுவாரா? புகழ் அப்படியில்லை. அது குற்றாலத்துச் சாரல் மாதிரி. தென்காசியில் துணி காயாது. உங்கள் ஊரில் தூறும். பாளையங்கோட்டையில் எங்களுக்கு வெறும் காற்று மட்டும் வந்து கதவைச் சாத்திவிட்டுப் போகும். இதில் யார் மீதும் குற்றமில்லை, மலை அங்கே இருக்கிறது. பேர் விடுபட்டால் கேட்கலாம், கேட்கவும் வேண்டும். சாரலை யாரிடம் போய்க் கேட்பது?

உங்களுக்கு நடந்தது பேர் விடுபட்டது. நீங்கள் இரண்டு ஆண்டாக ஏங்கிக்கொண்டிருப்பது புகழுக்கு. கேட்கக்கூடியதைக் கேட்காமல், கேட்க முடியாததற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

பேர் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நம் மொழியில் இதற்குப் பழைய சாட்சி உண்டு. குறுந்தொகையைத் தொகுத்தவர்களுக்குச் சில பாட்டுகளைப் பாடியவர் யாரென்று தெரியாமல் போயிற்று. அப்படியே விட்டிருக்கலாம், யாரும் கேட்டிருக்கப் போவதில்லை. அவர்களுக்கு மனம் வரவில்லை. பாட்டுக்குள்ளிருந்தே ஒரு தொடரை எடுத்து அதைப் பெயராகச் சூட்டினார்கள். செம்மண்ணில் பெய்த மழைநீரைச் சொன்னவர் செம்புலப்பெயனீரார் ஆனார். ஆளில்லாத வீட்டு முற்றத்தில் அணில் விளையாடுவதைச் சொன்னவர் அணிலாடு முன்றிலார். குப்பைமேட்டுக் கோழிச் சண்டையைச் சொன்னவர் குப்பைக் கோழியார். இதைப் படிக்கும்போதெல்லாம் அந்தப் பெயரில்லாப் புலவர்களைவிடத் தொகுத்தவர்கள் மேல்தான் எனக்கு மரியாதை வரும். ஒரு பாட்டு அநாதையாக நிற்பதைப் பார்க்கப் பொறுக்காத மனிதர்கள்.

அவ்வளவு தூரம் போவானேன், உங்கள் வில்லுக்கே வருகிறேன். காப்புப் பாடி, வருபொருள் உரைத்து, அடுத்து என்ன பாடுவார்கள்? குருவடி. பிறகு அவையடக்கம், நாட்டுவளம், அதற்கப்புறம்தான் கதை, கடைசியில் வாழி. எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் இவர் என்று சொல்லிவிட்டு உட்காரும் இடத்தை, கதையைத் தொடங்கும் முன்பே உங்கள் கலை ஒதுக்கி வைத்திருக்கிறது. 'சபையோரே, பிழை பொறுப்பீர்' என்று அடங்குவதற்குத் தனி இடம். நன்றி சொல்லத் தனி இடம். நீங்கள் அவையடக்கத்தை மட்டும் வாழ்நாள் முழுக்கப் பாடிவிட்டு, குருவடியை மறந்துவிட்டீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆகவே அந்தப் பிள்ளையைப் போய்ப் பாருங்கள். பகலில், அவள் வீட்டுத் தார்சாவில் உட்கார்ந்து, நேரில். வாட்ஸப்பில் ராத்திரி பதினொரு மணிக்கு நீளமாக எழுதி அனுப்ப வேண்டாம். அவளுடைய சித்தப்பாவிடம் ஜாடையாகச் சொல்லி அனுப்பவும் வேண்டாம். நம் ஊரில் ஜாடைப் பேச்சு போய்ச் சேரும்போது வேறு உருவம் எடுத்துவிடும். "பிள்ளை, அந்த இசக்கி கதை நான் கட்டியது. இனிமேல் பாடும்போது குருவடியில் என் பெயரையும் சேர்த்துக்கொள். அந்த வீடியோவுக்குக் கீழேயும் ஒரு வரி போடச் சொல்." இவ்வளவு போதும். 'தப்பாக நினைக்காதே' என்று தொடங்காதீர்கள். அப்படித் தொடங்கினாலே தப்பாக நினைக்க வேண்டிய ஏதோ ஒன்று வரப்போகிறது என்று ஆகிவிடும். அவள் வேண்டுமென்றே மறைத்திருப்பாள் என்பதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு ஆதாரமும் இல்லை. மாமா பெயர் வேண்டாம் என்று நினைப்பார் என்று அவள் நினைத்திருக்கலாம். 24 ஆண்டுகளாக நீங்களே அப்படித்தானே காட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

முறைத்துக்கொண்டால்? அப்போது சட்டம் உங்கள் பக்கம் இருக்கிறது என்பது தெரிந்திருந்தால் போதும். இசக்கியின் கதை ஊருக்குச் சொந்தம். அதற்கு நீங்கள் கட்டிய அடிகள் உங்களுக்குச் சொந்தம். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் 57-ஆவது பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும்கூட 'இதை எழுதியவன் நான்' என்று சொல்லிக்கொள்ளும் உரிமை எழுதியவனிடமே இருக்கிறது என்கிறது. வக்கீல் நோட்டீசுக்கு அவசரப்பட வேண்டாம். இனி எழுதிக் கொடுக்கும்போது முதல் பக்கத்தில் பெயரும் தேதியும் போட்டு, ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கூலியையும் அப்போதே பேசிவிடுங்கள். வாழைப்பழம் வாழைப்பழமாக இருக்கட்டும்.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். பல ஆண்டுகளுக்கு முன்னால், பிள்ளைகள் பேசுவதை எப்படிக் காது கொடுத்துக் கேட்பது என்று ஆசிரியர்களுக்கு ஒரு கையேடு எழுதிக் கொடுத்தேன். எழுதச் சொன்ன நிறுவனத்தின் பெயர் இப்போது எதற்கு? அச்சாகி வந்தது. அணிந்துரை எழுதியவர், வாழ்த்துரை எழுதியவர், அட்டைப்படம் போட்டவர் என்று எல்லோர் பெயரும் இருந்தன. என் பெயரைத் தேடி, அச்சகத்தின் முகவரி வரைக்கும் படித்தேன். ஆறு மாதம் குமைந்துவிட்டுப் பிறகு ஒரு கடிதம் எழுதிக் கேட்டேன். மறுபதிப்பில் போட்டார்கள், உள்ளட்டையில், பொடி எழுத்தில். மனம் ஆறியது, அது உண்மை. அந்த ஆட்களைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும் பழக்கம் நின்றது. ஆனால் அடுத்த கட்டுரை எழுத உட்கார்ந்தபோது கை ஓடவில்லை. பெயர் வந்தால் எழுத்தும் வந்துவிடும் என்று நம்பியிருந்தேன். அது வேறு பூட்டு, வேறு சாவி.

அந்த இரண்டாவது பூட்டைப் பற்றித்தான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கிறீர்கள்.

உங்கள் நண்பர்கள் சொல்லும் பாரதி ஆறுதல் எனக்குப் பிடிக்கவில்லை. கடையம் உங்களுக்குப் பக்கத்து ஊர். 1918 கடைசியில் புதுச்சேரியை விட்டு வந்தவர், மனைவியின் ஊரான அங்கே 1920 வரை இருந்தார். அங்கிருந்துதான் தன் எழுத்துகளை 40 நூல்களாக அச்சிடப் பணம் வேண்டி நண்பர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். மண்ணெண்ணெயும் தீப்பெட்டியும் போலத் தன் புத்தகங்கள் விலைபோகும் என்று அதில் நம்பிக்கையோடு எழுதினார். நினைத்த பணம் வரவில்லை, 1921-இல் காலமாகிவிட்டார். இந்தக் கதை ஆறுதலாக இருப்பது எதனால் என்று பாருங்கள். பிற்பாடு நாடே கொண்டாடியது என்பதால்தான். அதாவது உங்கள் நண்பர்கள் உங்களுக்கும் அதே சாரலைத்தான் காட்டுகிறார்கள், தேதியை மட்டும் தள்ளிப் போட்டிருக்கிறார்கள். பாரதி காலத்தில் எழுதி, செத்த பிறகும் எவரும் எடுத்துப் பார்க்காத நோட்டுப் புத்தகங்கள் எத்தனையோ பரணில் கரையான் தின்றிருக்கும். அவற்றை எழுதியவர்களுக்கு இந்த ஆறுதல் எதைக் கொடுக்கும்? கடையத்துக் கதையில் நான் எடுத்துக்கொள்வது ஒன்றுதான்: அவரே விற்பனைக் கணக்குப் போட்டார், வெட்கப்படவில்லை. நீங்களும் ஆசைப்பட்டதற்காக வெட்கப்பட வேண்டாம்.

இனி உங்கள் பாட்டுகள். கடிதத்தோடு இரண்டு பாட்டு இணைத்திருக்கிறீர்கள். ஒன்று எட்டு ஆண்டுக்கு முந்தியது, இன்னொன்று வீடியோவுக்குப் பிறகு எழுதி, உங்களுக்கே பிடிக்காமல் போன நான்கு பக்கம். நான் இலக்கிய விமர்சகர் இல்லை. என்றாலும் கொடையில் விடிய விடிய உட்கார்ந்து கேட்டு வளர்ந்த காது இது. பழைய பாட்டில் ஒரு தாய் பிள்ளையைத் தொட்டிலில் போட்டுவிட்டு அம்மியில் மஞ்சள் அரைக்கிறாள். அரைக்கிற சத்தம் மெல்லக் குறைந்து, நின்று, அடுத்த அடியில் தொட்டில் காலியாக இருக்கிறது. படித்ததும் நான் எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். புதிய பாட்டில் நான்கு அடிக்கு ஒருமுறை கைதட்டலுக்காக நீங்கள் நின்று காத்திருக்கிறீர்கள். ஒவ்வொரு நாலாவது அடியும் வீடியோவில் வெட்டிப் போடத் தோதாக இருக்கிறது. உங்களுக்குப் பிடிக்காமல் போனதில் வியப்பில்லை. உங்கள் காது கெட்டுப்போகவில்லை என்பதற்கு அதுவே அத்தாட்சி.

இதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய சோதனை உண்டு. 1973-இல் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்து மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்ற மூன்று பேர் செய்தது. தானாகவே ஆசையாகப் படம் வரையும் குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தார்கள். சிலரிடம், 'படம் வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்' என்று முன்கூட்டியே சொன்னார்கள். சிலருக்குச் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து, சான்றிதழ் பேச்சே இல்லாமல் பேனாக்களை மேசைமேல் போட்டு வைத்துவிட்டு ஒளிந்திருந்து பார்த்தார்கள். முன்கூட்டிச் சொல்லி வாங்கிய குழந்தைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் வரைந்தார்கள். சொல்லாமல் வாங்கியவர்களுக்கு ஒரு குறையும் வரவில்லை.

கெடுத்தது சான்றிதழ் இல்லை, அண்ணாச்சி. வரையும்போதே அது கண்ணுக்கு முன்னால் தொங்கியதுதான்.

22 ஆண்டுகள் துண்டும் வாழைப்பழமும் சொல்லாமல் வந்த சான்றிதழ்களாக இருந்தன. வந்தது, வாங்கிக்கொண்டீர்கள். இப்போது எழுத உட்காரும்போதே அந்த லட்சம் என்ற எண் எதிர்ச் சுவரில் மாட்டியிருக்கிறது. அது உங்களுக்கு வந்த எண்ணும் அல்ல, அடுத்த வீட்டுக்கு வந்தது. அதனால் இன்னும் பெரிதாகத் தெரிகிறது. தினமும் எத்தனை முறை அந்த வீடியோவைத் திறந்து எண்ணிக்கையைப் பார்க்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. நானும் கேட்கவில்லை. குறைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொல்கிறேன், வெற்றிலையைக் குறைப்பது மாதிரி.

கடிதத்தின் இரண்டாம் பக்கத்தில், சுருக்கத்தில் இடம் பெறாத ஒரு செய்தி இருக்கிறது. கொடைக்குப் போனால் நீங்கள் பந்தலுக்குள் உட்கார மாட்டீர்களாம். பின்னால், சுக்குக் காப்பி அண்டா பக்கத்தில் இருட்டில் நின்றுகொண்டு, எந்த அடியில் பெண்கள் பேச்சை நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பீர்களாம். ஒரு கதையில் எதிர்பார்த்த இடத்தில் நிறுத்தாமல் வேறு இடத்தில் நிறுத்தினார்கள் என்று, வீட்டுக்குப் போய் அந்தப் பகுதியை மாற்றி எழுதினீர்கள். மறு ஆண்டு அதே இடத்தில் ஒரு கைக்குழந்தையைத் தவிர எல்லோரும் சத்தம் அடங்கினார்கள் என்று எழுதும்போது உங்கள் கையெழுத்தே மாறுகிறது. சாய்ந்து, வேகமாக, ஒற்றுப் புள்ளி வைக்க மறந்து. நான் கையெழுத்து சாஸ்திரம் பார்ப்பவள் இல்லை. ஆனாலும் அந்த ஒன்றரைப் பக்கத்தை எழுதியவருக்கு எதற்காக எழுத வேண்டும் என்ற கேள்வி இருந்திருக்காது.

பார்த்தவர்களின் எண்ணிக்கை எந்த அடியில் மூச்சு நின்றது என்று சொல்லாது. அண்டா பக்கத்து இருட்டு சொல்லும். உங்களுக்குக் கிடைத்த அந்த அறிவு, மேடையில் மாலையோடு நிற்பவருக்குக் கிடைக்காது. அவர் முகத்தில் வெளிச்சம் அடிக்கிறது, எதிரில் இருப்பவர்களைப் பார்க்க முடியாது. இதை ஆறுதலுக்காகச் சொல்லவில்லை. இது உங்கள் தொழிற்கருவி. இரண்டு ஆண்டாக அதை எடுக்காமல் வைத்திருக்கிறீர்கள். கடைசியாக எந்தக் கொடைக்குப் போய் அப்படி நின்றீர்கள்?

குடத்திலிட்ட விளக்கு என்று எழுதியிருக்கிறீர்கள். வில்லுப்பாட்டுக்காரர் ஒருவர் குடத்தை இப்படி இளக்காரமாகச் சொல்லலாமா? குடம் இல்லாமல் வில்லை எதன்மேல் கட்டுவீர்கள்?

மனைவி கேட்ட கேள்விக்கு என்னிடம் நீளமான பதில் இல்லை. ராத்திரி ஒரு மணி வரை விழித்திருப்பது அவர்களுக்குக் கவலை. சம்பளம் என்பது அந்தக் கவலை வெளியே வரும் வாசல். பத்தரைக்குப் படுத்து விடியற்காலை எழுதிப் பாருங்கள். முடிந்தால் மஞ்சள் அரைக்கும் அந்தப் பாட்டை அடுக்களையில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள். 24 ஆண்டில் ஒரு பாட்டையாவது அவர்களுக்கு வாசித்துக் காட்டினீர்களா என்பது கடிதத்தில் இல்லை.

கடைசியாக, நான் அதிக நேரம் யோசித்த இடம். ஐந்தாம் பக்கத்தில் ஒரு பத்தி. சுருக்கியவர் இதையும் விட்டுவிட்டார். அவர் மீது தவறில்லை, நீங்களே அதை அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தீர்கள். வாசகர்களுக்காக எடுத்து எழுதுகிறேன்: "கீழத்தெருவில் ஒரு ஆச்சி இருக்கிறார். 84 வயது. அவருடைய அத்தை சின்ன வயதில் ஆற்று வெள்ளத்தில் போய்விட்டாளாம். வீட்டுக் கன்னியாக வைத்துக் கும்பிடுகிறார்கள். அவளுக்கு ஒரு பாட்டுக் கட்டிக் கொடு என்று மூன்று ஆண்டாகக் கேட்கிறார். வில்லே வராத வீட்டில் பத்துப் பேர் கேட்கிற பாட்டால் என்ன ஆகப்போகிறது என்று தள்ளிக்கொண்டே வருகிறேன்."

அண்ணாச்சி, எதற்காக எழுத வேண்டும் என்று என்னைக் கேட்கிறீர்கள். ஒரு கிழவி மூன்று ஆண்டாக உங்கள் வாசலில் வந்து நின்று அதற்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்கிறார். அந்தப் பாட்டை அந்த ஊரில் வேறு யாரால் கட்ட முடியும்? பாடுகிற பிள்ளையால் முடியாது. யூடியூபில் போட்டவராலும் முடியாது. அந்த வீட்டில் வருடத்துக்கு ஒரு நாள் சிற்றாடையும் வளையலும் எடுத்து வைத்துக் கும்பிடும்போது, சொல்லுவதற்குச் சொல் இல்லாமல் பத்துப் பேர் நிற்கிறார்கள். விருது கொடுப்பவர்கள் அந்தப் பின்கட்டுக்கு வரமாட்டார்கள், நிச்சயமாக. கேமராவும் வராது. நாலாவது அடியில் கைதட்டவும் ஆள் இல்லை. உங்கள் காதுக்குப் பழைய கூர்மை திரும்புவதற்கு இதைவிடத் தோதான இடம் எனக்குத் தெரியவில்லை.

ஆச்சிக்கு 84 வயது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். ஆடி வரட்டும், கொடை முடியட்டும் என்று தள்ள வேண்டாம். ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய், அவர் சொல்லச் சொல்ல அவர் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். சொன்னவர் பெயரையும் நாளையும் மேலே குறித்துக்கொள்ளுங்கள். பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியில் நாட்டார் வழக்காற்றியலுக்கென்றே ஒரு துறை இருக்கிறது. வீட்டார் சம்மதித்தால் பிற்பாடு ஒரு நகலை அங்கே கொண்டுபோய்க் காட்டலாம். அது பிறகு. எந்தப் படித்துறை, என்ன மாதம், யாரோடு குளிக்கப் போனாள், கரையில் என்ன கிடந்தது என்று முதலில் கேளுங்கள். பாட்டைப் பற்றி முதல் நாள் பேச வேண்டாம்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அந்தப் பத்தியை நான் நான்கைந்து முறை படித்தேன். ஆச்சியின் வயது இருக்கிறது, தெரு இருக்கிறது, வெள்ளம் இருக்கிறது. ஆற்றோடு போன அந்தப் பெண்ணுக்கு என்ன பெயர் என்று நீங்கள் எழுதவில்லை. கேட்டீர்களா?